நிறுத்தக் கை

யோகலிங்கம் தன்சானியா போய்
எட்டு நாளில் கொண்டுவந்தது
நாற்பத்தொரு நரி.
ஏஜாக்ஸ் வீட்டுச் சுவரில்
ஒவ்வொன்றாய் வந்து நின்றன.
கருமுதுகு நரி, விலாவில் கோடு போட்ட நரி,
சிங்கம் விட்டுவைத்த எலும்புக்கூட்டுக்குள்
தோள்வரை நுழைந்த நரி.
கூரை திறந்த ஜீப்பாம். வழிகாட்டியாம்.
மத்தியானத்துக்குக் குளிர்ந்த தர்ப்பூசணியாம்.
"நீங்களும் ஒருமுறை போகவேணும்" என்றார்
மீன் ரோல்ஸை இரண்டாய்ப் பிய்த்தபடி.

என் சஃபாரி வண்டி மஞ்சள்.
இருக்கைக்கு அடியில் ஒட்டிய சூயிங்கம்,
சோடி தொலைந்த பதினொரு கையுறை.
காலை ஓட்டம் ஒன்பதுக்கு முடியும்,
மாலை ஓட்டம் இரண்டரைக்கு.
நடுவில் ரூஜ் காடு.

சாலைக்கு அந்தப் பக்கம் மிருகக்காட்சிசாலை.
வேலிக்கு மேலால் சில நாள்
ஒட்டகச்சிவிங்கி ஒன்று எனக்கு
ஆபிரிக்காவைத் தலை நீட்டிக் காட்டும்.
நான் திரும்புவதில்லை.
மைனஸ் பத்தொன்பதில்
பற்றரியை அக்குளில் வைத்துச் சூடாக்கி,
பாதி விலைக்கு வாங்கிய நீள லென்ஸைத்
தோளில் சுமந்து
மூன்று குளிர்காலமாய் நிற்கிறேன்
கயோட்டிக்காக.

கயோட்டிக்குத் தமிழில் பெயரில்லை.
நரி என்றால் குறைகிறது,
ஓநாய் என்றால் கூடிவிடுகிறது.
கணினி பெயர் கேட்கும்போது
குறைத்தே தட்டுகிறேன்.
நரி 114: வால்.
நரி 115: வால்.
நரி 116: அது நின்ற இடம்.
நரி 230 மயிர் மயிராய், அத்தனை கூர்மையாய் வந்தது.
யாரோ கயிறு அவிழ்த்துவிட்ட நாய்.

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்கிறார்கள்.
முகத்தைக் காட்டினால்தானே.

நரி பரியான கதை எல்லாருக்கும் தெரியும்.
இங்கே அது
வேலிக் கட்டையாகிறது,
பைன் மரத்தின் நிழலாகிறது,
நான் வளையத்தைத் திருப்பிக் குவிப்பதற்குள்
வெறும் பனியாகிறது.

பெப்ரவரியில் ஒரு வியாழன்.
வெறும் பஸ், மெடோவேல் சாலை.
கமரா கடைசி இருக்கையில், பைக்குள், ஜிப் மூடி.
அது சாலையோரம் வந்து நின்றது.
இடம் பார்த்தது. வலம் பார்த்தது.
மறுபடி இடம்.
என் பஸ்ஸில் ஒரு பிள்ளையும்
இவ்வளவு ஒழுங்காய்ப் பார்த்ததில்லை.
பின்னங்கால் ஒன்று தரையில் முழுதாய்ப் படவில்லை.

நரி இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன,
மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி.
அப்படிச் சொன்னவர்
சீமெந்து லொறிக்கு முன்னால்
நொண்டும் நரியைக் கண்டிருக்கமாட்டார்.

கை தானாய்ச் சுவிட்சுக்குப் போனது.
சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின.
பஸ்ஸின் நிறுத்தக் கை
இடப்பக்கம் விரிந்து நின்றது.
எதிரே லொறி நின்றது,
அதன் பின்னால் ஒரு டாக்சி, ஒரு பிக்கப்,
எல்லாரும் கழுத்தை நீட்டி
பிள்ளையைத் தேடினார்கள்.

"இருபத்தேழு, ஏன் நிற்கிறாய்?"
ரேடியோவில் டார்லீன்.
"பிள்ளை ஒன்று கடக்கிறது."
"இந்த நேரத்திலா?"
"மெல்ல நடக்கிற பிள்ளை."

நடுக்கோட்டில் நின்று அது திரும்பியது.
முகம்.
மீசையில் பனிக்கட்டி, ஒரு காது பாதி இல்லை.
என்னைப் பார்க்கவில்லை,
மின்னுகிற விளக்கைப் பார்த்தது,
சற்று எரிச்சலோடு.
பிறகு வாலையும் எடுத்துக்கொண்டு
மரங்களுக்குள் போனது.

இரவு யோகலிங்கத்திடமிருந்து ஒரு படம்,
கை மாறிக் கை மாறி அவருக்கு வந்ததாம்.
"பார்த்தீர்களா, உங்கட பக்கத்து நரி!"
லொறிக்காரர் எடுத்திருக்கவேண்டும்:
கண்ணாடியில் உப்புக் கறை,
விரிந்த சிவப்புக் கை,
அதற்குக் கீழே அது, முழுதாய், நாலு காலும்.
சாரதி இருக்கையில் வெளிச்சம் மட்டும்
வெள்ளையாய் விழுந்திருந்தது.

சேமித்தேன்.
பெயர் கேட்டது கணினி.
231 என்று தட்டப் போய், அழித்துவிட்டு,
டார்லீனுக்குச் சொன்னதையே
தட்டினேன்.